எத்திராஜின் இடது புருவம்

எத்திராஜ் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் ஸ்டூல் மேல் நின்று ஒரு ட்யூப்லைட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை. வழக்கமாக அவர் பூனாவின் மறுகோடியில் இருக்கும் கட்கியிலிருந்து ஸ்கூட்டரில் என் வீட்டுக்கு வந்து சேரும் நேரம். போனை எடுத்த என் மனைவி சாரதா அதை என்னிடம் நீட்டினாள். பேசியது அவருடைய மகன் பிரகாஷ். ஹிஞ்சேவாடியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன், தமிழ் அவனுக்குத் தட்டுத் தடுமாறித்தான் வரும். "அங்கிள், பப்பா காலைல எழுந்திரிக்கல. டாக்டர் வந்து பாத்துட்டாரு. ஹார்ட்னு சொல்றாரு," என்றான். நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. ஆனால் மனதில் முதலில் என்ன வந்தது என்பது நினைவிருக்கிறது. இன்றைக்குத்தானே வெளிச்சம் சரியாக அமைந்தது என்று நினைத்தேன். இதை எழுதக் கை கூசுகிறது. எழுதாமல் விட்டால் இந்த அஞ்சலியே பொய்யாகிவிடும்.

காரியத்தன்று படத்திறப்புக்கு வந்திருந்த உங்களில் பலர் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டீர்கள். "நீங்கள் வரைந்த படம் எங்கே? ஏன் போட்டோவை வைத்திருக்கிறார்கள்?" நான் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு பந்திப் பக்கம் நழுவிவிட்டேன். அதற்கான பதிலை இப்போது சொல்கிறேன்.

கட்கியில் தொழிற்சாலையின் டிராயிங் பிரிவில் எனக்கும் அவருக்கும் பக்கத்துப் பக்கத்து மேஜை. அவருடைய குடும்பம் தாத்தா காலத்திலேயே வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து அங்கே வேலையில் அமர்ந்தது. நான் கும்பகோணத்திலிருந்து பரீட்சை எழுதி வந்தவன். வழவழப்பான டிரேசிங் தாளில் மசியால் கோடு போடுகிற வேலை எங்களுடையது. நான் முதலில் எல்லா அளவையும் பென்சிலால் குறித்து, இரண்டு முறை சரிபார்த்து, பேனா முனையைத் துடைத்து, அதற்குப் பிறகும் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் மசி தொடுவேன். எத்திராஜ் தாளை ஒட்டியதும் கோடு போட ஆரம்பித்துவிடுவார். தப்பினால், பாதியாக உடைத்த ஷேவிங் பிளேடால் சுரண்டிவிட்டு மேலே போவார். அவருடைய தாள்களில் அங்கங்கே சுரண்டிய தடம் தெரியும். என்னுடையவை பளிங்கு மாதிரி இருக்கும், ஆனால் எப்போதும் தாமதமாகத்தான் மேலே போகும். ஒருமுறை எங்கள் மேலதிகாரி என்னைக் கடிந்துகொண்டு போன பிறகு, எத்திராஜ் தன் பிளேடை என் மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "தப்பா போட்டா சுரண்டிக்கலாம்ப்பா. போடாதத எப்படி சுரண்டுவ?" பிரிவே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன்.

சாப்பாட்டு வேளையில் வீணான தாள்களின் பின்பக்கம் நான் முகங்கள் கிறுக்குவேன். அதைப் பார்த்துத்தான் அவர் என்னிடம் ஒன்று கேட்டார். அவருடைய அப்பா இறந்தபோது வீட்டில் ஒரு நல்ல போட்டோ இல்லை. வாசலில் காட்டும் தொழிற்சாலைப் பாஸில் இருந்த சின்னப் படத்தைத்தான் பெரிதாக்கி மாலை போட்டார்கள். "திருட்டுக் கேசுல புடிச்ச மாதிரி முழிச்சிக்கினு இருக்காருப்பா எங்க நைனா. டெய்லி அத பாத்துக்கினுதான் டியூட்டிக்கு வரேன். என்னை அப்படி மாட்டக் கூடாது. நீ பெயிண்ட்ல போட்டுக் குடு," என்றார். வாழ்நாளில் அவர் என்னிடம் கேட்டது இது ஒன்றுதான். நான் சரி என்றேன். நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து போட வேண்டும், வானவடியில் என் பிளாட் கட்டி முடியட்டும் என்றேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் பிளாட் முடிந்தது. இரண்டாவது அறையை ஓவியத்துக்கென்று ஒதுக்கினேன். வடக்குப் பக்கம் ஜன்னல் இருந்தால் நாளெல்லாம் மாறாத வெளிச்சம் கிடைக்கும். எனக்கு வாய்த்தது மேற்கு ஜன்னல். மத்தியானம் ஆனால் எத்திராஜ் தாமிரச் சொம்பு போல ஜொலிப்பார். ஜன்னலுக்குத் தடித்த திரை போட்டேன். ட்யூப்லைட்டில் அவர் முகம் பச்சை பூத்து நோயாளி மாதிரி தெரிந்தது. ஹாலஜன் வாங்கினேன். மஞ்சளடித்தது, போதாததற்கு அந்தச் சூட்டில் மனிதர் வியர்த்துக் கொட்டினார். பிறகு சுவரின் இளம்பச்சை அவர் தாடையில் பிரதிபலிப்பதைக் கண்டுபிடித்து, சுவரை வெள்ளையாக்கினேன். வெள்ளைச் சுவர் நாலாபக்கமும் வெளிச்சத்தை அடித்து நிழலையே விழுங்கிவிட்டது. சாம்பல் நிறம் அடித்தேன். முகத்துக்கு ஒரு விளக்கு, கான்வாஸுக்கு ஒரு விளக்கு, இரண்டும் ஒரே நிறத்தில் எரிய வேண்டும் என்று தேடி அலைந்து, கடைசியில் பச்சையடிக்காத புது வகை ட்யூப்லைட்டில் வந்து நின்றதைத் தனியாகவே எழுதலாம்.

இந்த எல்லா விளக்குக்கும் கீழே உட்கார்ந்தது அவர் முகம். நாற்காலியின் கால்கள் நிற்க வேண்டிய இடத்தில் தரையில் பெயிண்டால் புள்ளி வைத்திருந்தேன். ஞாயிறுதோறும் அவர் உள்ளே வந்ததும், "லைட் செட்டாச்சா?" என்று கேட்டுக்கொண்டே நாற்காலியைத் தானாகவே அந்தப் புள்ளிகளில் பொருத்தி உட்கார்ந்துவிடுவார். நான் விளக்கைத் தூக்குவேன், இறக்குவேன், மூக்குக்குக் கீழே விழும் நிழலை அளப்பேன். அவர் கொண்டுவந்த வடாபாவ் ஆறிப்போகும். "மூஞ்சி பழசாயிட்டே போவுதுப்பா, பல்பு மட்டும் புதுசு புதுசா வந்துக்கினே இருக்கு," என்பார். கோபமாக ஒரு நாளும் சொன்னதில்லை.

பூனாவில் கரண்ட்டை முறை வைத்து நிறுத்திய அந்த வருடங்களில், ஒரு மாலை அவர் மனைவி மல்லிகாவும் அவருடன் வந்திருந்தார். விளக்கை நான் திருப்பிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போயிற்று. சாரதா மெழுகுவத்தி கொண்டுவந்து எத்திராஜ் பக்கத்தில் வைத்தாள். அவர் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். சாரதா அவரையே பார்த்துவிட்டு, "இப்பவே வரைஞ்சிடுங்களேன், முகம் எவ்வளவு நன்னா இருக்கு," என்றாள். மெழுகுவத்தியில் நிறம் ஏமாற்றும், நாளைக் காலையில் பார்த்தால் எல்லாம் தப்பாக இருக்கும் என்றேன் நான். எத்திராஜ்தான் எனக்காகப் பேசினார்: "விடும்மா, அவரு வெளிச்சத்துக்கு முகூர்த்தம் பாத்துக்கினு இருக்காரு." மல்லிகா வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் நானும் தப்பித்துக்கொண்டேன்.

உண்மை என்னவென்றால் எனக்குப் பயம். நட்டும் போல்ட்டும் வரைந்த கை அது. எத்திராஜின் முகத்தை வைத்து அசிங்கப்படுத்திவிட்டால், அவர் அதையும் நன்றாக இருக்கிறது என்று வாங்கிக்கொண்டு போய் நடுக்கூடத்தில் மாட்டிவிடுவார் என்று பயம். வெளிச்சம் சரியில்லை என்று சொல்வது சுலபமாக இருந்தது. சொல்லிச் சொல்லி நானே அதை நம்பியும்விட்டேன்.

அவர் உடலைச் சுடுகாட்டுக்கு எடுத்துச் சென்ற மறுநாள் மறுபடி கட்கிக்குப் போனேன். மல்லிகா சுவரோரம் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அண்ணா, முகம் முடிஞ்சிடுச்சு, சட்டைதான் பாக்கின்னு சொல்லிக்கினு இருந்தாரு. சட்டை இல்லாட்டியும் பரவால்லண்ணா. அத குடுங்க, படத்துக்கு வெச்சிடலாம்."

எத்திராஜ் வீட்டில் அப்படிச் சொல்லியிருக்கிறார். ஞாயிறுதோறும் என் வீட்டில் போய் வெறுமனே உட்கார்ந்துவிட்டு வருகிறவர், என்னை யாரும் குறைவாக நினைக்கக் கூடாது என்று, இல்லாத படத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வளர்த்துக்கொண்டே வந்திருக்கிறார். முதலில் நெற்றியாம், அப்புறம் கண்ணாம். போன மாதம் மீசை முடிந்ததாம்.

நான் முகம் வரையவில்லை என்றேன். ஒன்றுமே வரையவில்லை என்றேன். அந்த அறையில் இருந்த யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எழுந்து போக ஒரு வழி கிடைத்திருக்கும். மல்லிகா பிரகாஷைக் கூப்பிட்டு அப்பாவின் தொழிற்சாலைப் பாஸை எடுத்துவரச் சொன்னார். ஓவியம்தான் வருகிறதே என்று அவர் வேறு போட்டோவே எடுத்துக்கொள்ளவில்லையாம்.

பெரிதாக்கிய படத்தைக் காரியத்தன்று விடிகாலையில்தான் கடைப்பையன் வீட்டில் கொடுத்துவிட்டுப் போனான். கட்கி பஜாரில் கடைக்காரர் கம்ப்யூட்டரில் முகத்தை நன்றாகத் துடைத்து வெளுப்பாக்கியிருந்தார். சின்ன வயதில் கில்லி விளையாடும்போது புருவத்தில் பட்ட தழும்பு எத்திராஜுக்கு உண்டு, உங்களுக்கே தெரியும். அதையும் சேர்த்துத் துடைத்துவிட்டார். மல்லிகா படத்தைப் பார்த்து, "இது அவரு மாதிரியே இல்லண்ணா. அந்தத் தழும்பையாவது போட்டுக் குடுங்க," என்றார். பிரகாஷ் ஸ்கூட்டரில் என் வீட்டுக்குப் போய் பிரஷும் பெயிண்டும் கொண்டுவந்தான். பாஸ் கடையிலேயே இருந்தது, கடையும் இன்னும் திறக்கவில்லை. ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள்.

பிரஷை எடுத்தேன். எந்தப் புருவம் என்று தெரியவில்லை.

அத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் அந்த முகத்துக்கு எதிரே உட்கார்ந்தவன் நான். ஹாலஜனில் அவர் மூக்கின் நிழல் எவ்வளவு நீளம் விழும் என்று இப்போதும் சொல்வேன். தழும்பு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. கேட்கவும் வெட்கமாக இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக, யோசிக்காமல் கோட்டைப் போட்டேன். இடது புருவத்தில் போட்டேன்.

"அந்தப் பக்கம் இல்லண்ணா," என்றார் மல்லிகா. குரலில் வருத்தம்கூட இல்லை. என் மணிக்கட்டைப் பிடித்து வலது புருவத்துக்குக் கொண்டுபோய் வைத்தார். அங்கே போட்டேன். இடது பக்கத்தைத் துணியால் துடைத்தேன், போகவில்லை. பிரகாஷிடம் ஒரு பிளேடு கேட்டு வாங்கிச் சுரண்டினேன். பெயிண்டோடு படத்தின் மேல்தாளும் கொஞ்சம் உரிந்து வந்துவிட்டது.

இப்போது வரையலாமே அங்கிள் என்கிறான் பிரகாஷ். நல்ல பிள்ளை. அறையில் விளக்குகள் அப்படியே இருக்கின்றன. அவற்றைக் கழற்றுவதையும் நான் ஒரு பெரிய ஏற்பாடாக்கிவிடுவேன் என்பதால் தொடவில்லை. தரையில் அந்த நான்கு புள்ளிகளும், அவர் என் மேஜையில் வைத்துவிட்டுப் போன பாதி பிளேடும் என்னிடம் இருக்கின்றன. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியவை இவைதான்.

கட்கிக்குப் போனால் அந்தப் படத்தைப் பாருங்கள். அப்பாவுக்குப் பக்கத்திலேயே, அவரைப் போலவே முழித்துக்கொண்டு இருக்கிறார். வலது புருவத்தில் தெரிவது அவருடைய தழும்பு. இடது புருவத்தில் வெள்ளையாக ஒரு கீறல் தெரியும், போட்டோ பழுது என்று நினைத்துவிடாதீர்கள். எத்திராஜின் முகத்தில் நானாகப் போட்ட ஒரே கோடு அதுதான்.