மேலிருந்து எழுதிய ஆறு கோடுகள்

1934 ஜூன் 11, திங்கள். காலை ஏழு: மனைவிக்கு வலது அடிவயிற்றில் வலி, காய்ச்சல். ஒன்பது: வைத்தியர் வந்தார், மேற்கேயுள்ள மிஷன் ஆஸ்பத்திரிக்கு அன்றே கொண்டுபோகச் சொன்னார். பத்து: மாட்டுவண்டி வந்தது. பதினொன்று: வண்டி திருப்பியனுப்பப்பட்டது. 12, செவ்வாய். காலை ஆறு: புறப்பட்டோம், வள்ளியாற்றைக் கடந்தோம். ஒன்பதரை: ஆஸ்பத்திரி வாசலில் உயிர் பிரிந்தது.

சீனரின் பழைய குறிநூல் ஒன்று ஆங்கிலத்தில் என்னிடம் இருந்தது. மூன்று காசுகளை ஆறு முறை வீச வேண்டும். ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு கோடு, முழுமையாகவோ முறிந்தோ. சில கோடுகள் நிலைக்காமல் எதிரானதாக மாறும். மாறினால் ஆறும் சேர்ந்த உருவம் வேறோர் உருவமாகும். முதலாவது இன்றைய நிலை, இரண்டாவது அது செல்லும் திசை. கல்லூரியில் தத்துவம் கற்பித்த நான் இதை ஆராய்ச்சி என்றே சொல்லிவந்தேன்.

வண்டியில் மெத்தை விரித்தாகிவிட்டது. நான் மூன்று சக்கரக் காசுகளை எடுத்து வீசிக்கொண்டிருந்தேன்.

“சீனாக்காரன் என்ன சொல்லுகான்? வண்டிமாடு கேட்டுக்கிட்டு நிக்கு” என்றாள் மனைவி, படுக்கையிலிருந்து.

ஆற்றைக் கடந்து முடித்த நிலை என்பது விழுந்த உருவம். உச்சிக்கோடு மாறுங்கோடு, கடப்பவன் தலை நீரில் அமிழும் என்பது அதன் எச்சரிக்கை. அது மாறியதும் வந்த உருவத்தின் பெயர் குடும்பம். நீரில் ஆபத்து, வீட்டில் காப்பு என்று பொருள்கொண்டேன்.

“சாரே, முட்டளவு தண்ணிதான் கெடக்கு. கெளம்புங்கோ” என்றார் வண்டிக்காரர்.

“நாளைக்குப் போகலாம்” என்றேன்.

“நாளைக்கு ஆறு வத்திருமாக்கும்?” என்று சிரித்தவள் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் நீர் வண்டியின் அச்சைக்கூடத் தொடவில்லை.

அடுத்த ஆண்டுதான் அந்நூலின் முன்னுரையைப் படித்தேன். முதல் வீச்சின் கோடு அடியில் வர வேண்டும். மற்றவை அதன்மேல் ஏற வேண்டும். நானோ ஏட்டில் எழுதும் வழக்கப்படி மேலிருந்து எழுதியிருந்தேன். திருப்பிப் பார்த்தால், அது ஆற்றை இன்னும் கடக்காத நிலை. மாறுங்கோடு அடியில், அதில் நனைவது ஆற்றைக் கடக்கும் நரியின் வால் மட்டும். ஆனால் அது மாறி வரும் உருவம், ஒருவரைவிட்டு ஒருவர் விலகுதல்.

சரியாக வாசித்திருந்தால் அன்றே புறப்பட்டிருப்பேனா என்பது தெரியவில்லை. வைத்தியரின் சொல்லே போதுமானதாக இருந்தது.

திருவனந்தபுரத்தில் படித்துக்கொண்டிருந்த மகள் வந்து கேட்டபோது, வெள்ளத்துக்குப் பயந்து வண்டிக்காரர் மறுத்துவிட்டார் என்றேன். இன்றுவரை அவள் அவருடைய வண்டியில் ஏறுவதில்லை.

செய்யாமல் கிடப்பவை:

மனைவியின் பெட்டியைத் திறப்பது.

வண்டிக்காரர் வீட்டுக்குப் போவது.

மகளுக்குக் கடிதம். ‘அன்புள்ள மகளுக்கு’ என்பதுவரை எழுதியாயிற்று.