பொட்டு வைக்காத கிறீம் போத்தல்

போன மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோவிலிருந்து ஓகூஸ் நகரத்துக்கு அக்காவோடு போய் வந்தேன். சுற்றுலா இல்லை, ஆய்வுகூடப் பயணம். கஞ்சா இனச் செடியின் விதையெண்ணெயில் அக்கா கைக்குப் பூசும் கிறீம் செய்கிறார். அதே விதையில் இனிப்பு உருண்டையும் பிடிக்கிறார். போதை தராத வகைதான், ஆனால் சொன்னால் யார் நம்புகிறார்கள்? அவர் வேலை செய்யும் முதியோர் இல்லத்தின் மேலாளர், சோதனைத் தாள் இல்லாமல் இதை உள்ளே கொண்டுவரக் கூடாது என்றுவிட்டார். பதினெட்டு வருடம் உழைத்த இடத்தில் எல்லோரும் ஒரு மாதிரிப் பார்ப்பதை அக்காவால் தாங்க முடியவில்லை.

காலை 7.10 ரயில். ஏறக்குறைய 120 கிலோமீற்றர், இரண்டு மணி நேரம், ஆளுக்கு 190 குறோனர். ஓகூஸில் லெட்பேன் நகர ரயிலில் பன்னிரண்டு நிமிடம், பிறகு 700 மீற்றர் நடை. வழியெல்லாம் பச்சை வயல். அக்கா பையைக் கட்டிப்பிடித்தபடியே வந்தார்.

9.50க்கு ஆய்வுகூட வரவேற்பு மேசையில் மெற்றே என்ற பெண் போத்தலைப் பார்த்து, மூடியில் என்ன சிவப்புத் தூள் என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெள்ளிக்கிழமை அல்லவா! போத்தலுக்கும் உருண்டைப் பெட்டிக்கும் அக்கா குங்குமப் பொட்டு வைத்துக் கும்பிட்டு எடுத்து வந்திருக்கிறார். திறக்கும்போது தூள் உள்ளே விழுந்தால் சோதனை பிழையாகிவிடுமாம். மாதிரி கொடுக்க அடுத்த தவணை மூன்று கிழமை கழித்துத்தான்.

"என்னக்கா, சோதனைக்குப் போறதுக்கும் பொட்டோ?"

"நல்ல காரியம்தானேடா..." என்றவரின் கண் கலங்கிவிட்டது. எனக்கும் பாவமாக இருந்தது. திடீரென்று மற்றப் பையைத் துழாவினார். "பிலோமினாவுக்குக் கொண்டந்தது கிடக்கு! வேதக்கார வீடெண்டு பொட்டு வைக்கேல்லை!"

பிலோமினா ஓகூஸில் இருக்கும் அக்காவின் மன்னார்ச் சிநேகிதி, கிறிஸ்தவர். மற்றவையோடு ஒரே நாளில், ஒரே தொகுதியில் செய்த கிறீமும் உருண்டையும். ஒட்டிய மூடியும் பிரியவில்லை. மெற்றே சிரித்துக்கொண்டே கிறீமையும் உருண்டையையும் வாங்கிக்கொண்டார்.

மத்தியானம் பொட்டுப் போத்தலோடு பிலோமினா வீட்டுக்குப் போனோம். "நான் பூசப்போறது கிறீமைத்தானே, மூடியை இல்லையே, தாங்கோ" என்று வாங்கிக்கொண்டு மீன்குழம்போடு சோறு போட்டார்.

இப்படிப் போக இருப்பவர்களுக்கு: தவணையை முன்பே எடுங்கள், கட்டணத்தையும் கேட்டுவையுங்கள். ஒரே தொகுதியில் இரண்டிரண்டாகக் கொண்டுபோங்கள். சாமியை வெறுங்கையோடு கும்பிட்டாலும் கோபிக்க மாட்டார்.

பதினோராம் நாள் முடிவு வந்தது. இரண்டிலுமே போதைப்பொருள் சட்ட எல்லைக்கு வெகு கீழே. அக்கா அந்தத் தாளை என்னை இரண்டு தரம் வாசிக்க வைத்தார். மறுநாள் தேநீர் இடைவேளையில் தாளையும் திறந்த போத்தலையும் எல்லோருக்கும் நடுவில் மேசையில் வைத்தாராம். கழுவிக் கழுவி வெடித்த கையை முதலில் நீட்டியவர் அந்த மேலாளர்தான்.