கரையாத மண் பிள்ளை

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது ஒரு பொய் சொன்னேன். அதற்கு முன்பும் சொன்னதுண்டு. அவையெல்லாம் பலப்பம், மாங்காய் அளவுக்கான பொய்கள். இது மட்டும் ஜீப்பில் ஏறி மெட்ராஸ் வரைக்கும் போய்விட்டது.

எங்கள் குப்பம் மகாபலிபுரத்துக்குத் தெற்கே, சதுரங்கப்பட்டினம் போகிற வழியில் இருந்தது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் சவுக்குத் தோப்பு. தோப்பின் ஓரத்தில் கன்னியம்மா கோயில். கோயில் என்றால் கோபுரம், மதில் என்று யாரும் கற்பனை செய்ய வேண்டாம். ஏழு கல், ஒரு வேப்பமரம், அதன் கீழே ஒரு மண்மேடை, அவ்வளவுதான். பிள்ளை இல்லாத பெண்கள் புரட்டாசி மாதத்தில் தங்கள் கையாலேயே ஒரு மண் குழந்தையைச் செய்து அந்த மேடையில் வைப்பார்கள். அதைச் சூளையில் சுடக் கூடாது, வெயிலில் காய வைத்தால் போதும். ஐப்பசி மழை பிடித்ததும் அது கரைந்து மண்ணோடு மண்ணாகிவிட வேண்டும். கரைந்துவிட்டால் அம்மா எடுத்துக்கொண்டாள் என்று அர்த்தம். எடுத்துக்கொண்டவள் பதிலுக்கு உயிருள்ள பிள்ளையைக் கொடுப்பாள்.

வலையைப் பிடித்த கைகளுக்கு மண் வேலை எங்கே வரும்! மேடையில் இருந்த குழந்தைகளைப் பார்த்தால் கொழுக்கட்டைக்குக் கை கால் முளைத்த மாதிரி இருக்கும். கரைவதற்குத்தானே செய்கிறோம், இது போதும் என்கிற நினைப்பு. என் அத்தை அப்படி நினைக்கவில்லை. அப்பாவின் தங்கை அவள். அதே குப்பத்தில் நாலு வீடு தள்ளிக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கல்யாணமாகி எட்டு வருஷம். மாமாவின் அம்மா வேறு பெண் பார்க்க ஆள் விட்டிருந்தாள். மழை வரட்டும், கன்னியம்மா எடுத்துக்கொள்கிறாளா பார்ப்போம், அதற்கப்புறம் பேசலாம் என்று மாமாதான் அதை நிறுத்தி வைத்திருந்தார்.

அத்தை திருக்கழுக்குன்றம் சந்தைக்கு மீன் கூடை சுமந்து போய்த் திரும்பும்போதெல்லாம் வழியில் இருந்த ஏரியிலிருந்து ஒரு பிடி களிமண் கொண்டுவருவாள். கல் பொறுக்கி, சலித்து, பிசைந்து, ஈரத்துணி போட்டு மூடி வைப்பாள். பன்னிரண்டு நாள் அந்த ஒரு முழக் குழந்தையை வைத்துக்கொண்டு அவள் பட்ட பாடு எனக்குத் தெரியும், பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் தொட்டுக் கொடுத்தவள் நான்தான். தொடையில் மடிப்பு வைத்தாள். ஈர்க்குச்சியால் நகம் கீறினாள். வலை நூலை இடுப்பில் அழுத்தி எடுத்து அரைஞாண் தடம் பதித்தாள். மல்லாந்து படுத்து, ஒரு காலைத் தூக்கி, கட்டை விரலை வாய்க்குக் கொண்டுபோகப் பார்க்கிற குழந்தை அது. சத்தியமாகச் சொல்கிறேன், அதற்கப்புறம் எத்தனையோ ஊர்களில் எத்தனையோ சிலைகளைப் பார்த்துவிட்டேன், அந்தக் காலைப் போல ஒன்றை எங்கேயும் பார்க்கவில்லை.

அது மேடையில் ஏறிய வாரம், காலாண்டு விடுமுறையில்தான் மியூசியத்துக்காரர் வந்தார். கண்ணாடி போட்ட, ஒல்லியான, சாதுவான மனிதர். ஜனங்கள் கையால் செய்து புழங்குகிற சாமான்களைச் சேர்த்து, பட்டணத்தில் புதிதாக ஒரு கூடத்தில் வைக்கப் போகிறாராம். எங்கள் குப்பத்தில் அவர் எதைப் பார்த்தாலும் அதிசயப்பட்டார். மூங்கிலில் செதுக்கிய வலை ஊசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பக்கத்து வீட்டில் இறால் பிடிக்கிற பறி ஒன்று கூரையில் சொருகிக் கிடந்தது. குடம் போலப் பின்னிய அந்தக் கூண்டை வாங்கி அவர் மடியில் வைத்துத் தடவியதைப் பார்த்து அந்த வீட்டுப் பெண்ணுக்குத் தலைகால் புரியவில்லை. அவள் என் வகுப்பு. 'எங்க வூட்டுப் பறி மெட்ராஸ் போவுது' என்று அன்றைக்கு முழுக்க என் காதைத் தின்றாள்.

எங்கள் வீட்டில் அவருக்குக் கொடுக்க ஒன்றுமே இல்லை. குப்பத்தில் முதல் முதலாக நைலான் வலைக்கு மாறியவர் என் அப்பா. அதோடு பழைய தட்டுமுட்டுச் சாமான்களையெல்லாம் அடுப்புக்குப் போட்டுவிட்டிருந்தார். மியூசியத்துக்காரர் உள்ளே எட்டிப் பார்த்து, பிளாஸ்டிக் குடத்தைப் பார்த்து, சிரித்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு அவமானமாக இருந்தது. ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

அத்தையின் பிள்ளையைப் பார்த்ததும் அவர் செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் உட்கார்ந்துவிட்டார். யார் செய்தது என்று கேட்டார். எங்கள் அத்தை என்று சொல்லி, பேரையும் சொன்னேன். இதைக் கொடுப்பார்களா, பெரியவர்களைக் கேட்டு வருகிறாயா என்றார். எங்கள் வீட்டிலும் அத்தை வீட்டிலும் பெண்கள் சந்தைக்குப் போயிருந்தார்கள், ஆண்கள் கடலில். நான் அத்தை வீடு வரைக்கும் ஓடி, பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு, அதே வேகத்தில் திரும்பி ஓடிவந்தேன்.

"எட்துக்கச் சொன்னாங்க சார்."

அவர் தன் மேல்துண்டில் அதைச் சுற்றி, வைக்கோல் வைத்து, ஜீப்பில் மடிமேல் வைத்துக்கொண்டு போனார். கொஞ்ச தூரம் நானும் ஜீப்பில் போனேன். அந்தப் பக்கத்து வீட்டுப் பெண் பார்க்கிறாளா என்பதில்தான் என் கவனமெல்லாம்.

அன்று ராத்திரியே மழை. ஊற்று ஊற்றென்று ஊற்றியது. விடிந்ததும் அத்தை கோயிலுக்கு ஓடினாள். மற்ற மண் குழந்தைகள் மூக்கு போய், கை போய், பாதி கரைந்து கிடக்க, அவளுடைய இடம் மட்டும் துடைத்தாற்போல் இருந்தது. ஒரு துளி மண் மிச்சமில்லை. ஒரே மழையில் முழுசாக எடுத்துக்கொண்டாளே என்று அத்தை அங்கேயே விழுந்து அழுதாள். குப்பமே வந்து பார்த்தது. மாமாவின் அம்மா வாயை மூடிக்கொண்டாள். சொல்லிவிடலாம் என்று அன்றைக்கு நினைத்தேன், மறுநாள் நினைத்தேன். அதற்கப்புறம் அத்தை முகத்தில் வந்த களையைப் பார்த்ததும் சொல்ல வாய் வரவில்லை. தலையில் பாரம் தூக்குவதில்லை, படி தாண்டும்போது கூட மெதுவாகத் தாண்டுகிறாள். பாவி, நான் என்னத்தைச் சொல்வேன்!

மார்கழியில் அத்தை பேருக்கு ஒரு தபால் கார்டு வந்தது. கார்டாக வந்தால் அதைத் தெரு நடுவில் உரக்கப் படிப்பது எங்கள் போஸ்ட்மேனின் உரிமை. தங்கள் வீட்டுச் சிறுமி பெரியவர்களின் அனுமதி பெற்று அளித்த மண் குழந்தை பத்திரமாக வந்து சேர்ந்தது, காணும் பொங்கலன்று கூடம் திறக்கிறோம், அவசியம் வர வேண்டும் என்று அவர் ராகம் போட்டுப் படித்து முடித்தார். நான் அதற்குள் சவுக்குத் தோப்பைத் தாண்டியிருந்தேன்.

என் அம்மா என்னைப் பிடித்து, விறகுக் கட்டையாலேயே நாலு வைத்தாள். எங்கள் பக்கத்தில் மியூசியத்துக்கு அப்போதெல்லாம் செத்த காலேஜ் என்றுதான் பெயர். மிருகங்கள் இருக்கிற இடம் உயிர் காலேஜ். பிள்ளைக்காக வைத்ததைக் கொண்டுபோய்ச் செத்த காலேஜுக்கு அனுப்பினாயே என்று சொல்லிச் சொல்லி அடித்தாள். இனிமேல் செத்தாலும் பொய் சொல்ல மாட்டேன் என்று கன்னியம்மா மேல் சத்தியம் செய்தேன். அத்தை என்னைத் தொடவில்லை. என் முன்னால் குந்தி உட்கார்ந்து ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அப்போ அது இன்னும் கரையாமத்தான் இருக்குதா?"

பெரியவர்கள் கூடி ஒரு வழி சொன்னார்கள். மழைத் தண்ணீரானால் என்ன, கடல் தண்ணீரானால் என்ன? பிள்ளையைத் திருப்பி வாங்கி வந்து மாசி மகத்தன்று கடலில் கரைத்துவிட்டால் ஆயிற்று. மாமாவின் அம்மாவும் பங்குனி வரைக்கும் பொறுப்பதாகச் சொன்னாள். காணும் பொங்கலன்று அத்தையும் மாமாவும் என்னையும் கூட்டிக்கொண்டு திருப்போரூர் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறினார்கள். அத்தை மடியில், வைக்கோல் பரப்பிய புதுக்கூடை.

பட்டணமே அங்கே வந்துவிட்டது போலக் கூட்டம். கூடத்துக்குள் நுழைந்ததும் எனக்கு வாய் பிளந்துவிட்டது. ஆள் உயரத்துக்கு மண் குதிரை, கழுத்தில் மணிகூட மண்ணிலேயே. மலை ஜனங்கள் கோத்த பாசிமணி மாலை. தேன் எடுக்கிற இருளர்கள் கொடியில் பின்னிய கூடை, தண்ணீர் ஊற்றினாலும் ஒழுகாது போல அத்தனை நெருக்கம். நெல் மணியை ஒவ்வொன்றாகக் கோத்துக் கட்டிய தோரணம். யாரும் இதையெல்லாம் விலைக்குச் செய்திருக்க முடியாது. பொழுது போகாமலும் செய்திருக்க முடியாது. பத்து வயதில் அது எனக்கு விளங்கியது. எங்கள் குப்பத்துப் பறியும் கம்பியில் தொங்கியது. அதைப் பார்த்து மாமா, அதற்குள் ஒரு இறால்கூட இல்லையே என்று சிரித்தார்.

அத்தை சிரிக்கவில்லை. அவள் பார்த்துவிட்டாள். நடுவில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள், பஞ்சு பரப்பி, மேலே சின்ன விளக்குப் போட்டு, பிள்ளை காலைத் தூக்கிக்கொண்டு படுத்திருந்தது. இடுப்பில் குழந்தையோடு ஒரு பட்டணத்துப் பெண் நின்று பார்த்தாள். அந்தக் குழந்தை கண்ணாடியில் கை வைத்து, உள்ளே இருந்ததைக் கூப்பிட்டது. பக்கத்தில் இருந்த அட்டையில் அத்தையின் பேரை எழுதியிருந்தார்கள். நான் விரல் வைத்துப் படித்துக் காட்டினேன்.

மியூசியத்துக்காரர் வந்தார். மாமா விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது. கையெடுத்துக் கும்பிட்டு, தெரியாமல் எடுத்துவிட்டேன், தப்பு என்னுடையது என்றார். என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை, அவ்வளவு நல்ல மனுஷன். சாவியை எடுத்து, பெட்டியைத் திறக்கப் போனார். அத்தை அவர் கைக்குக் குறுக்கே தன் கையை நீட்டினாள்.

"சார், மழ பேஞ்சா இங்க ஒழுவுமா?"

"ஒழுகாதும்மா."

"ஒரு சொட்டு கூட?"

"ஒரு சொட்டுகூட விழாது."

அத்தை நீட்டிய கையாலேயே கண்ணாடியை ஒரு முறை துடைத்தாள். "அப்போ இருக்கட்டும்" என்றாள்.

மாமாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "இன்னா பேசற நீ? மகத்துக்கு இன்னா பண்ணுவ?" என்று அங்கேயே சத்தம் போட்டார். அவள் கூடையை எடுத்துக்கொண்டு வாசலைப் பார்க்க நடந்தாள். எனக்கோ தலை கால் தெரியாத சந்தோஷம். இத்தனை பேர் பார்த்து மெச்சுகிறார்கள், பேர் வேறு எழுதியிருக்கிறார்கள், அந்தப் பெருமையில்தான் விட்டுவிட்டு வருகிறாள் என்று நினைத்தேன். நான் செய்தது தப்பே இல்லை என்றுகூடத் தோன்றிவிட்டது. கூடை காலியாகவே வீடு திரும்பியது. மறுபடியும் ஒன்று செய்து வையேன் என்று எத்தனையோ பேர் சொன்னார்கள். அவள் செய்யவில்லை. வைகாசியில் மாமா இரண்டாவது கல்யாணம் செய்துகொண்டார். அத்தை எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

அடுத்த காணும் பொங்கலுக்கு அத்தையும் நானும் மட்டும் போனோம். அவள் தலைக்குக் குளித்து, புதுச்சேலை கட்டிக்கொண்டு வந்தாள். கூட்டம் குறைந்த பிறகும் கண்ணாடிப் பெட்டியை விட்டு நகரவில்லை. அந்தக் கூடத்துக் காவல்காரர் வயசானவர், பேச்சுக்கு ஆள் தேடுகிறவர். எந்த ஊர், இன்னா தொழில் என்று விசாரித்துக்கொண்டே வந்து, எத்தனை பசங்கம்மா உனக்கு என்று கேட்டார்.

அத்தை கண்ணாடியிலிருந்து பார்வையை எடுக்காமல், "ஒண்ணு" என்றாள்.

நான் பதறிப்போனேன். கன்னியம்மா மேல் சத்தியம் செய்தவள் அல்லவா நான்? பக்கத்தில் நின்றுகொண்டு ஒரு பொய்யைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கலாமா? "இல்ல தாத்தா, எங்க அத்தைக்குப் புள்ளையே கெடையாது" என்று கணீரென்று சொன்னேன்.

காவல்காரர் பேச்சை மாற்றி வேறு எங்கோ போய்விட்டார். அத்தை என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. நேரமாகிறது, பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று மட்டும் சொன்னாள். உண்மையைச் சொன்ன நிம்மதியோடு, ஜன்னல் ஓரத்து சீட்டைப் பிடித்துக்கொண்டு, கேளம்பாக்கம் வருவதற்குள் நான் நன்றாகத் தூங்கிவிட்டேன்.