சந்தனம் பட்ட பந்து

பேஸ்பால் ஜாம்பவான்களின் கையெழுத்துச் சேர்க்கும் பைத்தியம் எனக்கு உண்டு. அப்படியொருவர் முழங்கால் மூட்டு மாற்றிக்கொண்டு, சுவிஸ் நகரமான நொஷாட்டலில், நோயாளிகளுக்கு நான் சாப்பாடு கொண்டுபோகும் மருத்துவமனையில் படுத்திருந்தார். நான் நீட்டிய பந்தில் உடனே கையெழுத்துப் போட்டுத் தந்தார்.

வீட்டில் மனைவி அதைச் சாமித்தட்டில் வைத்து, சரியாகக் கையெழுத்தின் மேலேயே சந்தனப் பொட்டு வைத்துவிட்டாள். மை கரைந்து போயிற்று. கத்தினேன்.

“புதுச் சாமானுக்குப் பொட்டு வைக்காமல் விடுறதோ?” என்றாள்.

மறுநாள் அவரிடம் நடந்ததைச் சொன்னேன். சிரித்துவிட்டு, பந்தின் மறுபக்கத்தில் மீண்டும் கையெழுத்துப் போட்டார். பிறகு போர்வையை விலக்கி, “இந்த முழங்காலும் புதுசுதான். மனைவியைக் கூட்டிவாருங்கள்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அவள் சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள். முழங்கால் கட்டின் மேல் பொட்டு வைத்தபோது அந்தப் பெரிய மனிதர் கைகூப்பினார். அதைப் பார்க்கக் கிடைத்தது அவள் புண்ணியத்தில்தான்.