அறிவுச்செல்வி முன்னால் போன நாள்

தன்னை யாராவது முந்திப் போனால் அறிவுச்செல்விக்குப் பொறுக்காது. கல்லூரி நாளில் எண்ணூறு மீட்டர் ஓடியவள். மாநில அணிக்கான தேர்வு ஓட்டத்தில் கடைசி ஐம்பது மீட்டர் வரைக்கும் முன்னால் வந்துவிட்டு, கோட்டுக்குப் பக்கத்தில் இரண்டு பேரை முந்த விட்டுவிட்டாள். அந்த இரண்டு பேரைத்தான் எடுத்தார்கள். அதோடு ஓட்டத்தை நிறுத்திவிட்டு, புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாகச் சேர்ந்தாள். கல்யாணம் கூடி வரவில்லை. அதற்காக அவள் ஓர் இரவுகூடத் தூக்கம் கெட்டதில்லை. முப்பத்து மூன்று வயதில் ஒரு சைக்கிள் வாங்கினாள். தூக்கம் கெட்டதெல்லாம் அதற்கப்புறம்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நாமக்கல் ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சேலம் ரோட்டில் சைக்கிளில் போவார்கள். அவர்களோடு அவளும் சேர்ந்துகொண்டாள். ஒருநாள் திருச்செங்கோட்டிலிருந்து காரின் பின்னால் சைக்கிளைக் கட்டிக்கொண்டு ஒரு பெண் வந்து இறங்கினாள். சுடிதார், துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிய முடிச்சு, டிராக்டர் டயர் மாதிரி பல் வைத்த தடித்த சக்கரங்கள். பெயர் கலைமணி. அவளுடைய வீட்டுக்காரர் நந்தகுமாருக்கு ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள் இரண்டு இருந்தன.

"அவரு வருசத்துல எட்டு மாசம் சத்தீஸ்கர்ல போர் போட்டுட்டு இருக்காருங்க. நான் ஊட்டுக்குள்ளயே உக்காந்து என்னங்க பண்றது?" என்றாள், யாரும் கேட்காமலே.

அந்தச் சக்கரத்தை வைத்துக்கொண்டு தார் ரோட்டில் அவளால் யாரையும் பிடிக்க முடியவில்லை. ஆனால் திரும்பி வரும்போது, கல்லும் பாறையுமான ஒரு கல்லாங்குத்துச் சரிவில் அவள் சிரித்துக்கொண்டே இறங்கியதை அறிவுச்செல்வி பார்த்தாள். மறுவாரம் தானும் அதே மாதிரி ஒரு சைக்கிளை விசாரிக்கக் கிளம்பிவிட்டாள்.

அப்படித் தொடங்கியது ஆறு வருடம் போனது. போதமலை அடிவாரம், கொல்லிமலைக்குக் காரவள்ளிப் பக்கமிருந்து ஏறும் ஆட்டுத்தடம், சங்ககிரி மலையைச் சுற்றிய பாறைக்காடு என்று இரண்டு பேரும் போகாத ஒற்றையடிப் பாதை இல்லை. ஏற்றத்தில் அறிவுச்செல்வி கெட்டி. இறக்கத்தில் கலைமணிக்கு நல்ல கை உண்டு. ஆனால் பயம் வந்தால் வெட்கப்படாமல் இறங்கித் தள்ளிக்கொண்டு வருவாள். "எலும்பு என்னுதுங்கக்கா, மலைக்கென்ன வந்துச்சு?" என்பாள். கோழிப்பண்ணை நாற்றத்தையும், மரவள்ளிக் காட்டுக்குள் துரத்தும் நாய்களையும் தாண்டி வந்து, ஏதாவது ஒரு டீக்கடையில் சேறு காய உட்கார்ந்திருப்பார்கள். அறிவுச்செல்விக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. அந்த இடத்தில் கலைமணி வந்து உட்கார்ந்துவிட்டாள் என்பது அவளுக்கே கொஞ்சம் பிந்தித்தான் புரிந்தது.

இத்தாலியைச் சேர்ந்த சார்டினியா தீவில் மலைச் சைக்கிள் பந்தயம் ஒன்று நடக்கிறது என்று கண்டுபிடித்தவள் கலைமணி. நான்கு நாள். காடும் மலையுமாக ஏறி இறங்கி, கடைசி நாள் கடற்கரையில் முடியும். இரண்டிரண்டு பேராகத்தான் ஓட்ட வேண்டும். வழியில் வரும் ஒவ்வொரு நிலையத்துக்கும் இரண்டு பேரும் இரண்டு நிமிட இடைவெளிக்குள் வந்து சேர வேண்டும்.

"எனக்குக் கடல மேல இருந்து பாக்கோணுங்கக்கா. மலை மேல நின்னு, காட்டுக்கு நடுவால. அது ஒண்ணுதான்" என்றாள் கலைமணி. நந்தகுமார் முதலில் தயங்கினார். பிறகு, "டீச்சரு கூடப் போறதுன்னா சரி" என்று ஒத்துக்கொண்டார். 2023 மே மாதம், பள்ளி விடுமுறையில் கிளம்பினார்கள்.

முதல் இரண்டு நாளும் நன்றாகவே போயின. சங்ககிரியில் பார்த்த மாதிரியே உருண்டைப் பாறைகள். ஆனால் அவற்றுக்கு நடுவில் தக்கை மரங்கள். பாட்டிலுக்கு மூடி செய்வதற்காக அடிமரத்தின் பட்டையை உரித்து எடுத்திருந்தார்கள். உரித்த இடம் ரத்தச் சிவப்பாக இருந்தது. சக்கரம் நசுக்கிய புதர்களிலிருந்து மருக்கொழுந்துக்கும் கற்பூரத்துக்கும் இடைப்பட்ட ஒரு வாசம் எழுந்தது. எங்கோ கண்ணுக்குத் தெரியாத ஆடுகளின் கழுத்துமணிச் சத்தம். முப்பது பெண் ஜோடிகளில் அவர்கள் பதினான்காவதாக இருந்தார்கள். அந்த எண்ணைப் பலகையில் பார்த்ததிலிருந்து அறிவுச்செல்விக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் பெரிய ஏற்றத்தில் கலைமணியின் முழங்கால் பிடித்துக்கொண்டது. வேகம் குறைந்தது. அப்போது நீலச் சட்டை போட்ட இரண்டு பெண்கள் பின்னாலிருந்து வந்து, அவர்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு முந்திப் போனார்கள். கெட்ட சிரிப்பு ஒன்றுமில்லை, சாதாரணமாகத்தான் சிரித்தார்கள். அறிவுச்செல்வியின் கால் தானாக மிதித்தது.

"அக்கா, கொஞ்சம் நில்லுங்க" என்றாள் கலைமணி.

அறிவுச்செல்விக்கு அது கேட்டது. காற்றடித்தது, சக்கரம் சத்தம் போட்டது என்றெல்லாம் பிறகு அவள் தனக்குள்ளேயே சொல்லிப் பார்த்திருக்கிறாள். ஆனால் கேட்டது. உச்சியில் நின்று பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். உச்சி வந்ததும் நீலச் சட்டைகள் இறக்கத்தில் தெரிந்தன. கீழே நிலையத்தில் நின்றுகொள்ளலாம் என்று இறங்கிவிட்டாள்.

நிலையத்தில் இரண்டு நிமிடம் போனது. பத்து நிமிடம் போனது. இருபதாவது நிமிடத்தில் அவள் சைக்கிளைத் திருப்பினாள். எதிரில் ஆட்கள் வேகமாக இறங்கி வரும் பாதையில் ஏறக்கூடாது என்று தடுத்துவிட்டு, பந்தயம் நடத்துகிறவர்கள் ஒரு மோட்டார் சைக்கிளை அனுப்பினார்கள். அது போய்ச் சேர்வதற்குள் ஆடு மேய்க்கும் ஒரு கிழவர் கலைமணியைப் பார்த்துவிட்டிருந்தார். வழக்கமாக இறங்கித் தள்ளிக்கொண்டு வரக்கூடிய ஒரு செங்குத்தில், அக்காவைப் பிடிப்பதற்காக அவள் சைக்கிளில் உட்கார்ந்தபடியே இறங்கியிருக்கிறாள். பாறைக்கு அடியில், பாதையில் போகிறவர்கள் கண்ணில் படாமல், முக்கால் மணி நேரம் தனியாகக் கிடந்தாளாம். வலது தொடையெலும்பு முறிந்துவிட்டது.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே கலைமணி நந்தகுமாருக்குப் போன் போட்டாள். "பயப்படாதீங்க. நாந்தான் அக்காவ முன்னால போகச் சொன்னேன். எனக்கு முட்டி வலிங்கறதுக்காக அவங்க எதுக்கு லேட்டாகோணும்? அவங்க மேல ஒண்ணும் இல்லீங்க."

அறிவுச்செல்வி கட்டிலுக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். இல்லை என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். அவள் தண்ணீர்ப் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டே நின்றாள்.

போனை வைத்துவிட்டுக் கலைமணி சொன்னாள்: "காலையில ஆப்பரேசன். இங்க நீங்க நின்னு ஒண்ணும் ஆகப்போறதில்ல. தனியா ஓட்ட விடுவாங்களாம், கணக்குல சேராதாம். போயிட்டு வாங்க. ரெண்டு பேருல ஒருத்தராச்சும் கடலப் பாக்கோணுமில்ல."

போகமாட்டேன் என்று இவள் சொல்லியிருக்க வேண்டும். சொல்வாள் என்று கலைமணியும் எதிர்பார்த்திருப்பாளோ என்ற யோசனை ஊருக்குத் திரும்பி வெகுநாள் கழித்துத்தான் வந்தது. அன்றைக்கு, "நீ சொன்னாச் சரி சாமி" என்றாள்.

மறுநாள் அவள் ஓட்டினாள். அவள் வாழ்க்கையில் அதைப் போல ஒரு நாள் முன்னும் வந்ததில்லை, பின்னும் வரவில்லை. கால் களைக்கவே இல்லை. தக்கை மரங்களுக்கு நடுவே வெயில் துண்டு துண்டாக விழுந்து கிடந்தது. பாதையே அவளைத் தூக்கிக்கொண்டு போவது மாதிரி இருந்தது. ஒரு திருப்பத்தில் மரங்கள் விலகி, வெகு கீழே கடல் விரிந்தது. அவள் வாய்விட்டுக் கத்தினாள். அந்த நேரத்துக்குக் கலைமணியின் நினைப்பு அவளுக்குச் சுத்தமாக இல்லை. அதைத்தான் அவளால் இன்றைக்கும் யாரிடமும் சொல்ல முடிவதில்லை.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பியபோது கலைமணி கண் விழித்திருந்தாள். உதடு காய்ந்து வெடித்திருந்தது. மயக்கம் தெளிந்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. தமிழில் பேச அங்கே யாரும் இருந்திருக்க முடியாது.

"கடல் தெரிஞ்சுதாக்கா?"

"ம். மேகமா இருந்துச்சு. செரியாத் தெரியல" என்றாள் அறிவுச்செல்வி.

ஊருக்கு வந்ததும் பள்ளியில் பாராட்டு விழா வைத்தார்கள். பேப்பரில் அவள் படம் மட்டும் வந்தது. கலைமணி கம்பி வைத்த காலோடு ஆறு மாதம் கோலூன்றி நடந்தாள். அறிவுச்செல்வி வாரம் தவறாமல் பழமும் இளநீருமாகத் திருச்செங்கோட்டுக்குப் பஸ் ஏறுவாள். நந்தகுமார் ஊரில் இருந்தால் வாசலுக்கே வந்து, "டீச்சரு இல்லீனா அந்தச் சீமையில இவ கதி என்னாயிருக்கும்" என்பார். ஒவ்வொரு தடவையும் அவள் பழப்பையை அவர் கையில் கொடுத்துவிட்டு விறுவிறுவென்று உள்ளே போய்விடுவாள்.

பதினான்கு மாதம் அதைத் தாங்கினாள். ஒரு சனிக்கிழமை மதியம் அவர்கள் வீட்டுக்குப் போனபோது, கலைமணியின் சைக்கிள் கழுவித் துடைத்துக் கூடத்தில் நின்றது. சமதளத்தில் மெதுவாக ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். கலைமணியின் முகத்தில் பழைய வெளிச்சம் தெரிந்தது.

"உங்ககூடத்தான அனுப்பறேன், எனக்கென்ன பயம்" என்றார் நந்தகுமார்.

அந்த வார்த்தைதான் அவளை உடைத்தது. "இல்லீங்க தம்பி. அன்னிக்கு இவ என்னய முன்னால போகச் சொல்லல. நில்லுங்கக்கானுதான் சொன்னா. எனக்குக் கேட்டுச்சு. நான்தான் நிக்கல" என்றாள். சொல்லச் சொல்ல அழுகை வந்தது. கூடவே நெஞ்சுப் பாரம் இறங்கிய மாதிரியும் இருந்தது.

நந்தகுமார் எழுந்தார். அவளையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

கலைமணி கூடத்தில் நின்ற சைக்கிளைப் பார்த்தாள். "ஏனுங்கக்கா இப்பச் சொன்னீங்க?" என்றாள்.

"மனசு கேக்கல சாமி. உன்ற தயவுல நான் நல்லவளாத் திரியறது—"

"நான் தயவுக்குச் சொல்லலீங்க. அவரு என்னய மறுபடி வெளிய உடோணும்னு சொன்னேன். உங்கள நம்பித்தான் உட்டாரு. உங்கள நம்பறதுக்கு இல்லைன்னு ஆயிட்டா, அப்புறம் நான் யாருகூடப் போறது?" அவள் குரல் உயரவில்லை. "கேட்டுச்சுன்னு எனக்கு அன்னிக்கே தெரியுமுங்க. திரும்பிப் பாத்தீங்களே, லேசா. நான் முழுங்கிட்டேன். உங்களால முழுங்க முடியல, என்ற ஊட்டுல கொண்டாந்து துப்பிட்டீங்க."

திரும்பிப் பார்த்தது அறிவுச்செல்விக்கே நினைவில்லை. எழுந்து காபி டம்ளரைச் சமையலறையில் வைத்துவிட்டுக் கிளம்பினாள். "வாரேன்" என்றாள். கலைமணி தலையை மட்டும் ஆட்டினாள்.

அந்த மாதமே நந்தகுமார் சைக்கிளை ஈரோட்டில் யாருக்கோ கொடுத்துவிட்டார். சண்டை என்று ஒன்றும் நடக்கவில்லை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வாழ்த்து வரும், இவளும் அனுப்புவாள். ஒரு கல்யாண மண்டபத்தில் நேருக்கு நேர் பார்த்தபோது, சாப்டீங்களாக்கா என்று கேட்டுவிட்டுக் கலைமணி பந்திக்குப் போனாள். வலது காலைக் கொஞ்சம் இழுத்துத்தான் நடந்தாள்.

அறிவுச்செல்வி இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறாள், ஆனால் மலைப்பக்கம் போவதில்லை. ரோட்டில், கூட்டத்துக்குக் கடைசியில் வருகிறாள். டீச்சருக்கு வயசாயிருச்சு என்று கேலி பேசுகிறார்கள். அவள் மறுத்துச் சொல்வதில்லை.

போன மாதம் அந்தக் கூட்டத்தில் ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார், கலைமணி ஒரு கல்லூரி நீச்சல் குளத்தில் நீந்தக் கற்றுக்கொள்கிறாளாம். வாரத்தில் நான்கு நாள் போகிறாளாம். அறிவுச்செல்வி ரோட்டோரம் ஒரு புளியமரத்தடியில் சைக்கிளை நிறுத்தினாள். போனை எடுத்து, அன்றைக்குக் கடல் நன்றாகத் தெரிந்தது, நான் பொய் சொன்னேன் என்று எழுதினாள். அனுப்பப் போனவள் நின்றாள். இதையும் கொண்டுபோய் அவள் தலையில் இறக்கி வைப்பானேன் என்று தோன்றியது. எழுதியதை எல்லாம் அழித்துவிட்டு, "நீச்சல் நல்லாப் போகுதா?" என்று மட்டும் அனுப்பினாள்.

சாயங்காலம் வரைக்கும் பதில் இல்லை. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது போன் ஒலித்தது. ஈரக் கையோடு எடுத்துப் பார்த்தாள்.

"போகுதுங்க" என்று வந்திருந்தது.