சாட்சிக்குப் போன நாள்

மாயவரத்திலிருந்து ஏழெட்டு மைல் தள்ளி ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் நான் டீச்சராக இருந்தேன். பள்ளிக்கூடம் அந்த ஊர் மிராசுதாருடையது. என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை; அதற்கு அவர் கையெழுத்து வேண்டும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சமாதானம் சொல்வதற்காக அல்ல. அன்றைக்கு என் மனதில் இருந்தது இது ஒன்றுதான்.

எங்கள் தெருவில் வேதக்காரர் என்று ஊரார் சொல்லும் எங்களைப் போன்ற கிறிஸ்தவர் வீடுகள் நான்கைந்து. கடைசி வீட்டில் ஓர் அக்கா இருந்தார். அவருடைய கணவர் மிராசுதாரின் மூன்று மா நிலத்தைக் குத்தகைக்கு உழுதவர். பாம்பு கடித்து அவர் இறந்தபோது துக்கத்துக்கு வந்த மிராசுதார், "குத்தகைய நீயே பாத்துக்கம்மா, வேற யாருக்கும் விடமாட்டேன்" என்றார். அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு நான் பக்கத்தில்தான் நின்றேன். அதற்குப் பிறகு ஆறு வருடம் அக்காவே பயிர் வைத்தார். பள்ளிக்கூட ஜன்னலுக்கு எதிரே களம். குத்தகை நெல்லை அளந்து கொடுத்துவிட்டு மீதியை அவர் வீட்டுக்குச் சுமந்து போவதை ஒவ்வொரு அறுப்பிலும் பார்த்திருக்கிறேன்.

அப்போது ஆட்சி மாறியிருந்தது. குத்தகைக்கு உழுகிறவர்களின் பெயரைப் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் வந்தது. பதிந்துவிட்டால் நிலத்தை விட்டு எளிதில் எழுப்ப முடியாது. அக்கா மனுக் கொடுத்தார். அவர் வெறும் கூலியாள் என்று மிராசுதார் மறுத்தார். விசாரணைக்கு அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது.

முந்தின நாள் மிராசுதார் வகுப்பு வாசலில் வந்து நின்றார். மிரட்டவெல்லாம் இல்லை.

"நாளைக்கு உங்களையும் கூப்பிட்டிருக்காங்களாமே டீச்சர். வாங்க, வாங்க. நம்ம பள்ளிக்கூடத்து ஆளா வாங்க."

சாவடியில் ஊரே கூடியிருந்தது. அதிகாரி என்னைப் பார்த்து, "இந்தம்மா அந்த நிலத்துல குத்தகைக்குப் பயிர் வைக்கிறாங்களா, கூலிக்கு வேலை செய்யறாங்களா? உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"எனக்குச் சரியாத் தெரியாதுங்க" என்றேன்.

அவர் அதை எழுதிக்கொண்டார். அக்கா என் பக்கம் திரும்பவில்லை. மனு தள்ளுபடியானது.

அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். எந்த முகத்தோடு போனேன் என்று இப்போது விளங்கவில்லை. அவர் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"கவலப்படாதீங்க அக்கா. ஆண்டவர் நியாயம் செய்வாரு" என்றேன்.

"செய்வாரு டீச்சர். அவரை நம்பித்தான் சாட்சிக்கு உங்க பேரைக் கொடுத்தேன்" என்றார்.

குரலில் கோபமில்லை. புடைப்பதை அவர் நிறுத்தவும் இல்லை.

நிலம் போனது. அக்கா அடுத்த ஊருக்கு நடவுக்கும் களையெடுக்கவும் போனார். ஞாயிற்றுக்கிழமை பூசையை மட்டும் விடவில்லை. முன்வரிசையில் முழங்காலிட்டு, நியாயம் வேண்டும் என்று வாய்விட்டே கேட்பார். நான் நாலு வரிசை பின்னால் இருப்பேன். முதலில் நானும் அதையே வேண்டினேன்; மிராசுதாருக்கு ஏதாவது நேரட்டும் என்று உள்ளூர ஆசைப்பட்டேன். அவர் தண்டிக்கப்பட்டால் என் கணக்கும் அதோடு தீர்ந்துவிடும் என்று நினைத்தேன் போல. பிறகு ஒருநாள், ஆண்டவர் நிஜமாகவே நியாயம் செய்ய வந்தால் என்னையும் விடமாட்டாரே என்று உறைத்தது. அதிலிருந்து அந்த வேண்டுதல் எனக்கு வாயில் வரவில்லை. சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில் கோபப்பட்டதை, பிள்ளைகளை அடித்ததையெல்லாம் சொன்னேன். இதைச் சொல்லவில்லை.

அந்த வருடமே என் வேலை நிரந்தரமானது. பள்ளிக்கூடத்தில் மிட்டாய் கொடுத்தேன். அக்காவின் மகளும் கை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

அக்கா மேல்முறையீடு செய்திருந்தார். மாயவரத்தில் நடந்த விசாரணையில் சாட்சி சொல்ல வந்தவர் மிராசுதாரின் பண்ணையில் ஏர் ஓட்டியவர். எங்கள் வேதத்தைச் சேர்ந்தவரும் அல்ல. "குத்தகை நெல்ல நான்தாங்க அளந்து வாங்கினேன்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். பதிவேட்டில் அக்காவின் பெயர் ஏறியது. மறுநாளிலிருந்து சாட்சி சொன்னவருக்குப் பண்ணையில் வேலை இல்லை.

அக்கா திரும்பவும் நிலத்தில் இறங்கி முதல் சம்பா அறுத்தபோது, வீட்டுக்குப் போய் அவர் கையைப் பிடித்து அழுதேன். எனக்கு எல்லாம் தெரியும், பயந்து பொய் சொன்னேன் என்றேன்.

"அது எனக்குத் தெரியாதா? ஆண்டவர் என்னைக் கைவிடல. உங்க மேல எனக்கு ஒண்ணுமில்ல" என்றார். பிறகு, "ஆனா நீங்க சொல்லியிருந்தா அந்த அண்ணனுக்கு வேலை போயிருக்காது. அவரப் போய்ப் பாருங்க டீச்சர்" என்றார்.

போக எனக்கு மூன்று மாதம் ஆனது. அவர் வாய்க்காலில் தூர் வாரிக்கொண்டிருந்தார். இடுப்பளவு சேறு. கரையில் நின்று நடந்ததைச் சொன்னேன். சாவடி விசாரணைக்கு அவர் வரவில்லையாம்; நான் என்ன சொன்னேன் என்பதே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தார்.

"அப்ப நீங்க மட்டும் சொல்லியிருந்தா, அன்னைக்கே முடிஞ்சிருக்கும்?"

"ஆமாங்க."

"வெயில்ல நிக்கிறீங்களே டீச்சரம்மா, அந்த நிழல்ல ஒக்காருங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி சேற்றை அள்ளிப் போடத் தொடங்கினார். நான் உட்காரவில்லை. அவர் குனிந்து நிமிர்வதைப் பார்த்தபடி நின்றிருந்தேன்.