தொண்ணூற்றாறு புள்ளி

திருவொற்றியூரில், துறைமுகச் சரக்கை வரி கட்டும்வரை வைத்திருக்கும் சுங்கக் கிடங்கு ஒன்றில் நான் மேற்பார்வையாளன். அங்கே குளிரறையில் அண்ணாச்சியின் ஒயின் பெட்டிகள் ரொம்ப நாள் இருந்தன. அவர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். கொருக்குப்பேட்டையில் மளிகை மொத்த வியாபாரம். மதுவைத் தொட்டதே இல்லை. இறக்குமதி உரிமம் உள்ள ஒருவரோடு கூட்டுச் சேர்ந்து வாங்கிப் போட்டிருந்தார்.

காரணம் ஒரு எண். வெளிநாட்டு விமர்சகர் ஒருவர் அந்த ஒயினைச் சுவைத்து, நூற்றுக்குத் தொண்ணூற்றாறு கொடுத்திருந்தார். அவர் புள்ளி போட்டால் விலை ஏறும், கொஞ்ச காலம் வைத்திருந்து விற்கலாம் என்று கூட்டாளி சொல்லியிருந்தார். அண்ணாச்சி மாதம் ஒருமுறை வந்து, கதவுக் கண்ணாடி வழியே பெட்டிகளைப் பார்ப்பார்.

“பிள்ளைய ஹாஸ்டல்ல விட்ட மாதிரி இருக்கு தம்பி” என்பார்.

இரண்டாம் வருடம் அதே விமர்சகர் மறுபடி சுவைத்துவிட்டு, எண்பத்தெட்டு என்று எழுதிவிட்டார். எங்கள் பெட்டிக்குள் எதுவும் மாறவில்லை. ஆனால் வாங்குவதாகச் சொன்ன ஓட்டல்காரர்கள் ஃபோனை எடுக்கவில்லை. கூட்டாளி கழன்றுகொண்டார்.

எங்கள் மேனேஜருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. அந்த வாரம் வேறொருவரின் ஒயின் வந்து இறங்கியது. அதற்குத் தொண்ணூற்றேழு.

“இதைக் குளிரறையில வைங்க. அண்ணாச்சி சரக்கைப் பின்னாடி ஷெட்டுக்கு மாத்துங்க. இனிமே அதை யார் கேக்கப்போறா?”

தகரக் கூரை ஷெட். சித்திரை மாதம். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார்.

“இன்னா சார், உள்ள நிக்கவே முடியல. சரக்கு வெந்துபூடும்.”

“மேனேஜர் சொல்லிட்டார். மாத்துங்க” என்றேன்.

புள்ளி இறங்கியதிலிருந்து அண்ணாச்சி நேரில் வருவதில்லை. மறுவாரம் அவரிடமிருந்து ஃபோன். “தம்பி, ஏசி ஓடுதுல்லா?”

“ஓடுதுங்க.”

யோசிக்காமலே வந்தது அந்தப் பொய்.

ஆடி மாதம் ஒரு பெட்டிக்கு மட்டும் வரி கட்டி வெளியே எடுத்தார். ருசியைக் காட்டினால் யாராவது வாங்க மாட்டார்களா என்று ஒரு நம்பிக்கை. என் அறையில் வைத்துத்தான் பிரித்தார். பாட்டில் கழுத்துகளில் பிசுபிசுப்பு. சூட்டில் தக்கைகள் மேலே எழும்பியிருந்தன. ஷிப்ட் முடிந்து கிளம்பிய ஓட்டுநரைக் கூப்பிட்டுக் குடித்துப் பார்க்கச் சொன்னார்.

ஒரு வாய்தான். ஓட்டுநர் முகம் சுளித்தார். “புளிச்சிகீது அண்ணாச்சி” என்றவர் என்னைப் பார்த்தார்.

அண்ணாச்சி பாட்டிலை மெல்ல மேசைமேல் வைத்தார். “அப்ப அந்த வெள்ளக்காரரு சொன்னது சரிதான். எம்புட்டுத் தூரத்துல இருந்து கண்டுபிடிச்சிருக்காரு! நான்தான் நம்பாம இருந்துட்டேன்.”

குரலில் கோபமே இல்லை. நான் வாயைத் திறந்தேன். எதிரே மேனேஜர் அறைக் கதவு திறந்திருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

மீதிப் பெட்டிகளைச் சுங்க அதிகாரிகளிடம் உத்தரவு வாங்கி உடைத்து அழித்தார்கள். அண்ணாச்சி அன்று வரவில்லை. சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தார். ஓட்டுநர் இப்போதும் என்னோடுதான் வேலை செய்கிறார். டீ குடிக்கப் போகும்போது மட்டும் என்னைக் கூப்பிடுவதில்லை.